கோழி இறகின் நிறமும் பெயரும்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கடலோரக் கிராமம் ஒன்றில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பனையோலைக் கூரை போட்ட கொட்டகை, ஏழெட்டுப் பஞ்சாரம், வேலியெங்கும் சீமைக்கருவேலம். சந்தைக்குப் போனாலும் தெருவில் நின்றாலும் கோழி நிறத்தைப் பற்றி யாராவது கேட்காமல் இருப்பதில்லை. பெரும்பாலும் கேட்பவர் ஏற்கெனவே பணத்தை இழந்திருப்பார், அல்லது பக்கத்து வீட்டுச் சேவல் மேல் பழி போட்டிருப்பார். அந்தக் கேள்விகளையும், படித்தும் அடை வைத்துப் பார்த்தும் நான் கண்ட பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

கோழிக்கு எத்தனை நிறச் சாயம் இருக்கிறது?

இரண்டுதான். ஒன்று யூமெலனின், இது கறுப்பையும் அடர் பழுப்பையும் தரும். மற்றொன்று ஃபியோமெலனின், சிவப்பு, பொன், வெளிர் மஞ்சள் எல்லாம் இதன் வேலை. இந்த இரண்டில் எது, எந்த இறகில், எவ்வளவு, எந்த நேரத்தில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தே சந்தையில் நாம் பார்க்கும் அத்தனை நிறங்களும் அமைகின்றன. வெள்ளை என்பது தனிச் சாயம் அல்ல, சாயம் இல்லாத நிலை. சாம்பல் என்பது கறுப்புச் சாயம் நீர்த்துப்போன நிலை.

கருஞ்சேவலின் வாலில் மின்னும் பச்சை எந்தச் சாயம் என்று கேட்பார்கள். உதிர்ந்த வால் இறகு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் மேலிருந்து படும்படி சாய்த்துப் பிடித்தால் பச்சை ஓடும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஊதா தெரியும். அதே இறகைச் சூரியனுக்கு எதிரே தூக்கி ஊடுருவிப் பாருங்கள். பச்சை மறைந்து வெறும் கரும்பழுப்பு மிஞ்சும். இறகின் நுண் கிளைகளுக்குள் மெலனின் துகள்கள் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதால் ஒளி அப்படிப் பிரதிபலிக்கிறது. கோழி இறகில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது.

காகம், கீரி, மயில், வல்லூறு என்று சொல்கிறார்களே, இவை மரபணுவின் பெயர்களா?

இல்லை. இவை கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தின் பெயர்கள். முழுக் கறுப்பு என்றால் காகம். கருமைக்கு மேல் கழுத்துத் தூவியில் பழுப்பு மயிர் ஓடியது போல இருந்தால் கீரி. பச்சை மினுக்கும் பல நிறமும் சேர்ந்தால் மயில். செம்பழுப்பு செவலை. மாசில்லாத வெள்ளை கொக்கு. நான் கேட்டுப் பழகிய வழக்கு இது. சாயல்குடிப் பக்கம் கீரி என்று கேட்டு வாங்கிய சேவலைத் தொண்டியில் வேறு பெயர் சொல்லி விலை பேசியதை நேரில் பார்த்திருக்கிறேன். இருவரும் தவறாகச் சொல்லவில்லை. பெயர் ஊருக்கு ஊர் மாறுகிறது.

இவற்றில் பல, சண்டைச் சேவல் வளர்த்தவர்களின் மரபிலிருந்து வந்தவை. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்ற ஐந்தும் பஞ்சபட்சி சாத்திரத்தில் வரும் பறவைகள். வளர்பிறை, தேய்பிறை, கிழமை பார்த்து எந்த நிறத்துக்கு எந்த நேரம் வலிமை என்று கணக்குப் போட்டவர்கள் சேவலுக்கும் அப்பெயர்களை வைத்தார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு நடுகல் நட்டு எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். சேவலை அவ்வளவு மதித்த மண்ணில் நிறத்துக்கு இத்தனை சொற்கள் பிறந்ததில் வியப்பில்லை. அந்தச் சொற்கள் அழியக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். ஆனால் பெயர் சொல்வது வெளித்தோற்றத்தை மட்டுமே. உள்ளே மறைந்திருப்பதை அது சொல்லாது. இந்தப் பக்கத்தில் வரும் குழப்பங்களில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

சேவல் செவலை, பெட்டை தவிட்டு நிறம். இரண்டும் வேறு வேறு நிறம்தானே?

பெரும்பாலும் ஒரே நிறம்தான். எல்லா வீட்டுக்கோழிக்கும் முதன்மை மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியை நினைத்துப் பாருங்கள். சேவலுக்குப் பொன்னும் சிவப்புமான கழுத்து, முதுகு; கறுப்பு மார்பு; பச்சை மின்னும் கறுப்பு வால். பெட்டைக்கோ காய்ந்த பனஞ்சருகோடு சருகாக மறையும் பழுப்பு. மரபணு இருவருக்கும் ஒன்றே. பெட்டையிடம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் இறகின் வடிவத்தையும் சாயம் இறங்கும் விதத்தையும் மாற்றுகிறது. நம் ஊர்ப் பெயர்கள் சேவலைப் பார்த்தே வைக்கப்பட்டவை என்பதால் பெட்டையின் நிறத்துக்குச் சரியான சொல் கிடைப்பதில்லை. சேவல் வாங்கும்போது ஆயிரம் கேள்வி கேட்பவர்கள் பெட்டையை ‘ஏதோ ஒரு கலர்’ என்று விட்டுவிடுகிறார்கள். குஞ்சுக்குப் பாதி மரபு அவளிடமிருந்து வருகிறதே!

காட்டுக்கோழி பற்றி ஒரு செய்தி. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது சாம்பல் காட்டுக்கோழி. தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் இலங்கையில் வேறொன்று. செம்மஞ்சள் உடலும் கொண்டையில் மஞ்சள் திட்டும் கொண்ட அதுவே அந்நாட்டின் தேசியப் பறவை. சாம்பல் காட்டுக்கோழி நம் வீட்டுக்கோழிக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறது: மஞ்சள் கால். மஞ்சள் தோலுக்கான மரபணு சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வரவில்லை, சாம்பலிலிருந்து வந்தது என்று 2008-இல் கண்டறிந்தார்கள்.

கறுப்புச் சேவல், கறுப்புப் பெட்டை. அடையில் செவலைக் குஞ்சு எப்படி வந்தது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதை வைத்து அண்டை வீட்டாரோடு பேச்சை முறித்துக்கொண்டவர்களும் உண்டு.

ஒவ்வொரு கோழிக்கும் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு பிரதி. ஒன்று தந்தை கொடுத்தது, ஒன்று தாய் கொடுத்தது. உடலில் கறுப்பு எங்கெல்லாம் பரவ வேண்டும் என்று முதலில் தீர்மானிக்கும் மரபணுவுக்கு எம்.சி.1.ஆர். என்று பெயர். அதற்கு முழுக் கறுப்பு, காட்டுக்கோழி நிறம், கோதுமை நிறம் என்று பல வடிவங்கள் உண்டு. முழுக் கறுப்பு ஓங்கு பண்பு. ஒரு பிரதி கறுப்பும் மறு பிரதி காட்டு நிறமும் இருந்தால் பறவை கறுப்பாகவே தெரியும்; சில நேரம் கழுத்தில் மட்டும் சிவப்பு கசியும். அப்படிப்பட்ட இரண்டு கறுப்புகள் சேரும்போது நான்கில் ஒரு குஞ்சுக்கு இரு பக்கமிருந்தும் காட்டு நிறப் பிரதியே கிடைக்கும். அது செவலை வழியில் போகும். யாரும் ஏமாற்றவில்லை, எந்தச் சேவலும் வேலி தாண்டவில்லை.

எதிர்த் திசையில் இது எளிதில் நடப்பதில்லை. காட்டு நிறச் செவலை இரண்டைச் சேர்த்து முழுக் கறுப்புக் குஞ்சு வந்தால் அப்போது சந்தேகப்படலாம். அப்போதும் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று, வேறொரு பெட்டை உங்கள் கூட்டில் முட்டையிட்டுப் போயிருக்கலாம். இரண்டு, பெட்டை தன் உடலுக்குள் விந்தைச் சேமித்து வைக்கும். சேவலைப் பிரித்து இரண்டு மூன்று வாரம் ஆன பின்னும் பழைய சேவலால் கருவுற்ற முட்டை வரும். புதுச் சேவலோடு சேர்த்த மறுநாளே முட்டையை அடைக்கு எடுத்து வைத்துவிட்டு நிறம் மாறிவிட்டது என்று புலம்புவதில் பயனில்லை. மூன்று வாரம் பொறுங்கள்.

சாம்பல் ஜோடி வாங்கினேன். குஞ்சுகளில் பாதிதான் சாம்பல். ஏமாந்துவிட்டேனா?

நானும் இப்படி வாங்கியிருக்கிறேன். ஓர் ஆவணி மாதம், நல்ல விலை கொடுத்து ஒரு சாம்பல் ஜோடி. விற்றவர் ‘குஞ்செல்லாம் சாம்பலாகவே விழும்’ என்றார். முதல் அடையில் 11 குஞ்சு பொரித்தன. ஐந்து சாம்பல், மூன்று கறுப்பு, மூன்று அழுக்கு வெள்ளை. அந்த வெள்ளைகள் வளர்ந்தபோது உடலில் சாம்பல் மை உதறியது போலத் தெறிப்புகள் வந்தன. அன்று விற்றவர் மேல் கடுங்கோபம் வந்தது. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அந்த 11 குஞ்சும் கணக்குப்படிதான் வந்திருக்கின்றன. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இந்தச் சாம்பல் நிறம் முழு ஓங்கு பண்பும் இல்லை, இரண்டு பிரதி இருந்தால்தான் வெளியே தெரியும் ஒடுங்கு பண்பும் இல்லை. நீர்த்துப்போகச் செய்யும் மரபணு ஒரு பிரதி இருந்தால் கறுப்பு சாம்பலாகும். இரண்டு பிரதி இருந்தால் மேலும் வெளுத்துத் தெறிப்பு வெள்ளையாகும். ஒன்றும் இல்லையென்றால் கறுப்பாகவே நிற்கும். ஆகவே சாம்பலையும் சாம்பலையும் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று கறுப்பு, இரண்டு சாம்பல், ஒன்று தெறிப்பு வெள்ளை. சாம்பலோடு கறுப்பைச் சேர்த்தால் பாதிக்குப் பாதி. சாம்பல் ஜோடியை எத்தனை தலைமுறை சேர்த்தாலும் குஞ்செல்லாம் சாம்பலாக விழாது, ஏனென்றால் சாம்பல் என்பதே ஒரு பிரதி மட்டும் உள்ள இடைநிலை.

அப்படியானால் எல்லாக் குஞ்சும் சாம்பலாக வர வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கறுப்பையும் தெறிப்பு வெள்ளையையும் சேருங்கள். ஒரு பக்கம் எப்போதும் கறுப்பையே கொடுக்கும், மறுபக்கம் எப்போதும் நீர்ப்பையே கொடுக்கும். பிறப்பதெல்லாம் சாம்பல். அழுக்கு நிறம் என்று சந்தையில் யாரும் சீண்டாத அந்தத் தெறிப்பு வெள்ளைப் பெட்டையை நான் இப்போது தேடி வாங்குகிறேன்.

ஒரு எச்சரிக்கை. தலை முதல் வால் வரை ஒரே சீராக, மங்கிய ஊதாச் சாம்பலாகத் தெரியும் பறவை வேறு வகையாக இருக்கலாம். லாவெண்டர் என்று சொல்லப்படும் அது ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதி இருந்தால்தான் தெரியும். அதைக் கறுப்போடு சேர்த்தால் குஞ்செல்லாம் கறுப்பு. லாவெண்டரோடு லாவெண்டரைச் சேர்த்தால் எல்லாம் லாவெண்டர். முதலில் சொன்ன சாம்பலில் இறகின் ஓரம் சற்றுக் கருத்து நிற்கும், சேவலின் கழுத்தும் உடலைவிட அடர்ந்திருக்கும். லாவெண்டரில் அந்த வேறுபாடு இருக்காது. வாங்கும்போது மார்பு இறகு ஒன்றை விரலால் நீவி ஓரத்தைப் பாருங்கள்.

வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்து நிறக் குஞ்சு வருமா?

வரும். வெள்ளை இரண்டு வகை. பண்ணை முட்டைக்கோழியான லெகார்னின் வெள்ளை ஓங்கு பண்பு; அது கறுப்புச் சாயத்தை மறைக்கும், சிவப்பை முழுதாக மறைக்காது. அதனால்தான் அதன் கலப்புக் குஞ்சுகளில் மார்பிலோ தோளிலோ செம்பு நிறம் கசிகிறது, ஆங்காங்கே கறுப்புச் சொட்டும் விழுகிறது. இன்னொரு வெள்ளை ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதி இருந்தால்தான் வெளியே வரும், வந்தால் கறுப்பு, சிவப்பு இரண்டையும் துடைத்துவிடும். முதல் வகையில் ஒரே ஒரு பிரதி உள்ள வெள்ளையையும் இரண்டாம் வகை வெள்ளையையும் சேர்த்தால் பாதிக் குஞ்சுகள் நிறத்தோடு வரலாம்.

வெள்ளைக்கோழி என்பது நிறமில்லாத கோழி அல்ல, போர்வை போர்த்திய கோழி. உள்ளே செவலை இருக்கலாம், வரி இருக்கலாம், சாம்பலும் இருக்கலாம். போர்வை விலகும் தலைமுறையில்தான் தெரியும். நிறத்துக்காக இனம் சேர்ப்பவர்கள் பூர்வீகம் தெரியாத வெள்ளையைக் கூட்டத்தில் விடாதீர்கள் என்பது என் அனுபவம்.

பிறந்த அன்றே சேவலா பெட்டையா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

சரியான ஜோடி அமைந்தால் முடியும். மரபணுக்களைச் சுமக்கும் இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம் ஜோடியில், பறவைகளில் பெட்டைக்குத்தான் இரண்டும் வேறு வேறு, இசட் மற்றும் டபிள்யூ. சேவலுக்கு இரண்டும் இசட். ஆகவே இசட் மேல் இருக்கும் நிறத்தைப் பெட்டை தன் மகனுக்கு மட்டுமே கொடுப்பாள். மகளுக்கு அவள் கொடுப்பது டபிள்யூ. மகளின் இசட் தந்தையிடமிருந்து வருவது.

கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்கு வரி ஓடும் பிளிமத் ராக் போன்ற கோழியைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிக்கான மரபணு இசட் மேல் இருக்கிறது, ஓங்கு பண்பும்கூட. வரிப் பெட்டைக்கு வரியில்லாத கறுப்பு அல்லது செவலைச் சேவலைச் சேருங்கள். பிறக்கும் சேவல் குஞ்சுக்கெல்லாம் வரி வரும், பெட்டைக் குஞ்சுக்கு வராது. பொரித்த அன்று வரியைப் பார்க்க முடியாது. ஆனால் பிறந்த குஞ்சின் மென்மயிரான துய் கறுப்பாக இருந்து, உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது சேவல். திருப்பிச் சேர்த்தால், அதாவது வரிச் சேவலுக்கு வரியில்லாப் பெட்டையைக் கட்டினால், இந்த வித்தை பலிக்காது. சேவலின் இசட் மகனுக்கும் மகளுக்கும் போகும்.

வெள்ளி நிறமும் பொன்நிறமும் இதே போல இசட் மேல் உள்ளவை. வெள்ளிப் பெட்டைக்குப் பொன் சேவலைச் சேர்த்தால் மகன்கள் வெள்ளி, மகள்கள் பொன். பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழிகளில் முதல் நாளே சேவலைப் பிரிப்பது பெரும்பாலும் இப்படித்தான். இதை முதல் உலகப்போர்க் காலத்தில், தீனி தட்டுப்பாட்டில், சேவல் குஞ்சை முன்பே பிரிக்க வழியாகச் சொன்னவர் பன்னெட் என்ற ஆங்கிலேயர். பள்ளி உயிரியல் புத்தகத்தில் கட்டம் போட்டுக் கணக்குச் செய்கிறோமே, அந்தப் பன்னெட் கட்டம் அவருடையதுதான். அவரோடு பணியாற்றிய வில்லியம் பேட்சன், மெண்டலின் பட்டாணி விதி விலங்குக்கும் பொருந்தும் என்று 1902-இல் காட்டியது கோழிகளைக் கொண்டே.

வரி என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். நம் நாட்டுப் பெட்டைகளின் முதுகில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருக்கும். அது வேறு மரபு, அதை வைத்துக் குஞ்சு பிரிக்க முடியாது.

கருங்கோழியின் கறுப்பு வேறா?

முற்றிலும் வேறு. கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி. 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் தோல், இறைச்சி, எலும்பை மூடிய சவ்வு வரை கருமை ஓடுவதற்கு இறகு நிற மரபணு காரணமில்லை. கருவிலேயே நிறச் செல்களைப் பெருக்கிப் பரப்பும் வேறொரு மாற்றம் அது. இறகு வெள்ளையாகவும் தோல் கறுப்பாகவும் இருக்கும் பட்டுக்கோழிகள் இருக்கின்றன. அதேபோல இறகு முழுக் காகமாக இருந்து உரித்தால் வெளுத்த தோலாக இருக்கும் நாட்டுக்கோழியை நம் ஊரில் தினமும் பார்க்கிறோம். காகச் சேவலைக் காட்டிக் கருங்கோழி என்று விலை சொன்னால் நாக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள்.

கலப்பில் ஒரு சிறப்பு உண்டு. வெளுத்த காலுடைய நம் கோழிகளில் தோல் கருமையைத் தடுக்கும் ஒரு மரபணு இருக்கும். அதுவும் இசட் மேல்தான். கடக்நாத் சேவலுக்கு அப்படிப்பட்ட நாட்டுப் பெட்டையைச் சேர்த்தால் மகள்கள் நன்கு கருக்கும், மகன்கள் அவ்வளவு கருக்காது. ‘பெட்டை மட்டும் கருப்பாக விழுகிறது, மருந்து ஏதாவது உண்டா’ என்று பெரியபட்டினத்திலிருந்து வந்த ஒருவர் கேட்டார். மருந்து தேவையில்லை. அந்த மகள்களை மீண்டும் கடக்நாத் சேவலோடு சேர்த்தால் அடுத்த தலைமுறைச் சேவல்களிலும் கருமை வரும்.

முண்டு மிளகாய் கொடுத்தால் இறகு சிவக்குமா?

நம் மாவட்டத்துக்கே உரிய கேள்வி இது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள். இறகு சிவக்காது. மிளகாயின் சிவப்பு கரோட்டினாய்டு வகை. கேனரிக் குருவி அதைத் தன் இறகில் ஏற்றிக்கொள்ளும், கோழி ஏற்றிக்கொள்ளாது. கோழி இறகின் சிவப்பு அதன் உடலே உண்டாக்கும் மெலனின். ஆனால் மஞ்சள் கரு நன்றாகச் சிவக்கும். மஞ்சள் கால் மரபுள்ள பறவையின் காலும் அடர்ந்து தெரியும். பறவைக்குக் காரம் உறைக்காது என்பதால் சந்தைக் கழிவு மிளகாயைக் குருணையோடு கலந்தால் தயங்காமல் கொத்தும். பூசணம் பிடித்த மிளகாயை மட்டும் போடாதீர்கள், நஞ்சு.

மஞ்சள் காலுள்ள பெட்டை தொடர்ந்து முட்டையிட்டால் கால் வெளுக்கும், நிறமெல்லாம் மஞ்சள் கருவுக்குப் போய்விடுகிறது. வெளுத்த கால் நோயின் அடையாளம் என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள்; உங்கள் கூட்டத்தில் நன்றாக முட்டையிடுபவள் அவளாக இருக்கலாம்.

அப்படியானால் தீனிக்கும் இறகு நிறத்துக்கும் தொடர்பே இல்லையா?

புது நிறத்தைத் தீனி உண்டாக்காது. ஆனால் புரதமும் செம்புச் சத்தும் குறைந்தால் உள்ள நிறம் சரியாக ஏறாது. இறகு முளைக்கும் காலத்தில் வெறும் தவிட்டை மட்டும் போட்டால் மங்கலாகவும் சோகையாகவும் வளரும். நம் கடற்கரையில் புரதத்துக்குப் பஞ்சமில்லை, மீன் தலையும் குடலும் கிடைக்கும். வேகவைத்துக் கொடுங்கள். உப்பிட்ட கருவாட்டை அப்படியே குஞ்சுக்குப் போடாதீர்கள். உப்பு மிகுந்தால் தண்ணீர் தண்ணீர் என்று அலைந்து செத்துவிடும். ஒரே மாலையில் ஆறு குஞ்சை அப்படி இழந்திருக்கிறேன்.

வெள்ளைச் சேவல் முதுகில் மஞ்சள் பூத்திருக்கிறது, கறுப்பு செம்பட்டையாகிறது. ஏன்?

வெயில். சித்திரை வெயிலில் நாள் முழுதும் உப்பள ஓரம் மேயும் பறவைக்கு இது வரும். அடுத்த இறகு உதிர்வுக்குப் பின் புதிதாக முளைப்பது பழைய நிறத்தில் இருக்கும். நிறம் மதிப்பிடுவதென்றால் புது இறகைப் பாருங்கள்.

குஞ்சில் ஒரு நிறம், வளர்ந்தபின் ஒரு நிறம். எதை நம்புவது?

குஞ்சின் துய் வேறு கணக்கு. முதுகில் அணில் போல மூன்று கோடு ஓடினால் காட்டு நிற மரபு என்று பெரும்பாலும் சொல்லலாம். முழுக் கறுப்பாக வளரவிருக்கும் குஞ்சு வயிற்றில் வெண்மையோடு பிறக்கும். அதைப் பார்த்துக் கலப்பு என்று கழிக்கிறார்கள், வேண்டாம். புள்ளிக்கோழியில் இன்னொரு மாற்றம் நடக்கும். நுனியில் வெள்ளைப் பொட்டு விழும் அந்த நிறத்தில் ஒவ்வொரு முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதும் வெள்ளை கூடிக்கொண்டே போகும். முதல் ஆண்டில் அழகாகத் தெரியும் புள்ளி மூன்றாம் ஆண்டில் வெளுத்துப் போகலாம். ஆகவே வெள்ளை குறைவான இளம் பறவையே இனத்துக்கு நல்லது.

காயம் பட்ட இடத்தில் ஓர் இறகு வெள்ளையாக முளைத்தால் அது மரபு இல்லை. வயதான பெட்டை, சினைப்பை பழுதானால், சேவல் இறகு போட்டுக்கொண்டு வருவதும் உண்டு. அபசகுனம் என்று அதை அறுத்துவிடுவார்கள். ஈஸ்ட்ரோஜன் நின்றுபோனதால் வந்த மாற்றம்தான் அது.

நிறத்தை வைத்து இது பெருவிடை, இது சிறுவிடை என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. பெருவிடை, சிறுவிடை என்பன உடல் அமைப்பைக் குறிப்பவை. எலும்பு, நிற்கும் நிமிர்வு, கால் உயரம், கொண்டை, கழுத்து இவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் எல்லா நிறமும் உண்டு. அசில் என்னும் சண்டைக்கோழி இனத்தைப் பற்றிய கால்நடைப் பாடங்களில் பீலா, யாகூப், நூரி, காகர், சித்தா, டீகர் என்று பெயர்கள் வரும். பீலா பொன்சிவப்பு, யாகூப் கறுப்பும் சிவப்பும், நூரி வெள்ளை, காகர் கறுப்பு, சித்தா கறுப்பும் வெள்ளியும், டீகர் பழுப்பு. இவையும் நிறப் பெயர்களே. நூரி என்று சொன்னவுடன் அது தனி இனம் என்று நினைத்து இரட்டை விலை கொடுக்க வேண்டாம்; அது கொக்கு வெள்ளைதான்.

கருப்பருக்கு நேர்ந்துவிட கருஞ்சேவல், அம்மனுக்குச் செஞ்சேவல் என்று கேட்டு வருபவர்களுக்கு நிறம் முக்கியம்தான், அதில் நான் தலையிடுவதில்லை. இனத்துக்கு வாங்குபவர்கள் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

‘இதன் அப்பன், ஆத்தாள் இரண்டையும் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். கூடப்பிறந்த குஞ்சுகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். ஒரு கறுப்புச் சேவலைவிட அதன் பத்து உடன்பிறப்புகள் அதிகம் சொல்லும். பத்தும் கறுப்பு என்றால் நம்பிக்கை கூடுகிறது. பெற்றோர் இருவரும் கறுப்பாக இருந்தும் இரண்டு செவலை இருந்தால், இருவருமே காட்டு நிறப் பிரதியை மறைத்து வைத்திருக்கிறார்கள்.

என் கருஞ்சேவல் சுத்தக் கறுப்பா என்று நானே சோதிக்க முடியுமா?

முடியும், செலவும் இல்லை. காட்டு நிறச் செவலைப் பெட்டை ஒன்றோடு அதைச் சேர்த்து அடை வையுங்கள். சேவல் மறைத்து வைத்திருந்தால் ஒவ்வொரு குஞ்சும் செவலையாக வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒரு செவலை வந்தாலும் விடை தெரிந்துவிடும். ஐந்து குஞ்சும் கறுப்பாக வந்தால், மறைத்துவைத்த சேவலுக்கு அப்படி அமைய 32-இல் ஒரு வாய்ப்புதான். எட்டும் கறுப்பு என்றால் 256-இல் ஒன்று. எட்டுக் குஞ்சு என்பது ஓர் அடைக்கோழிக்குச் சாதாரணம்.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். எந்தச் சேவல், எந்தப் பெட்டை, அடை வைத்த நாள், முட்டை எத்தனை, பொரித்தது எத்தனை, துய் என்ன நிறம், ஆறாம் மாதம் என்ன நிறம். நிறத்துக்கு உங்கள் ஊர்ப் பெயரையே எழுதுங்கள். பக்கத்தில் பெற்றோர் நிறத்தையும் எழுதுங்கள். காலில் நிற வளையம் போடுங்கள், இல்லையென்றால் நூல் கட்டி வாரம் ஒருமுறை தளர்த்துங்கள், வளரும் கால் இறுகிவிடும். 21-ஆம் நாள் குஞ்சு வெளிவந்ததும் அன்று மாலையே எண்ணி எழுதிவிடுங்கள். மறுநாள் பஞ்சாரத்தைத் திறந்துவிட்டால் காகமோ கீரியோ இரண்டைத் தூக்கியிருக்கும், அதன் பிறகு கணக்கு சேராது.